நின்றுபோன உதவித்தொகையும் இரண்டு கெடு தேதிகளும்

முனைவர் பட்ட ஆய்வின் 3-ஆம் ஆண்டில் மாத உதவித்தொகை சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. வங்கிக் கணக்கு எண்ணைச் சரிபார்த்தேன், பிழையில்லை. கணக்குப் பிரிவு "துறையில் கேளுங்கள்" என்றது, துறை "நெறியாளரைக் கேளுங்கள்" என்றது. நெறியாளர் ஆண்டு மதிப்பாய்வு அறிக்கையை மறுபடி அனுப்பினார். அதில் 'திருப்திகரம்' என்றுதான் இருந்தது. 11 நாள் இப்படியே போனது. எரிச்சல்தான்.

கடைசியில் என் மாணவர் பதிவை அச்செடுத்து வரிவரியாகப் படித்தபோதுதான் கண்ணில் பட்டது: மதிப்பாய்வுக்கு இரண்டு கெடு தேதிகள். முந்தைய ஆண்டு ஒரு பருவம் மருத்துவ விடுப்பில் இருந்தேன். விடுப்புக்கு ஒப்புதல் வந்ததும் ஆய்வு மாணவர் பிரிவு வைத்திருக்கும் கெடு ஒரு பருவம் தள்ளிப்போயிருக்கிறது. நிதிப் பிரிவின் கெடு மட்டும் பழைய இடத்திலேயே. அவர்கள் கணக்கில் நான் மதிப்பாய்வுக்கே வராதவன்! அதனால்தான் பணம் நின்றது. இரண்டு பிரிவும் ஒரே தேதியைத்தான் பார்க்கும் என்று நினைத்தது என் தப்பு.

அறிக்கையை எத்தனை முறை அனுப்பினாலும் 'தாமதம்' என்றே பதிவாகும். விடுப்பு ஆணையின் நகலோடு, திருத்திய கெடுவைக் குறிப்பிட்டு ஆய்வு மாணவர் பிரிவிடம் ஒரு கடிதம் வாங்கி நிதிப் பிரிவுக்கு அனுப்பினேன். 4-ஆம் நாள் நிலுவையோடு பணம் வந்தது. விடுப்புக் காலத்துக்கு உதவித்தொகை உண்டா என்பது தனி விஷயம். அந்தக் கோப்பு இன்னும் நகரவில்லை.