மோட்டார்ஹோம் மீட்டர் கண்ணுக்குத் தெரியவில்லையா?

அமெரிக்காவில் பழைய மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வீடு போன்ற வண்டி) ஓட்டுபவர்களுக்கு டேஷ்போர்டு மீட்டர்கள் பெரிய தலைவலி, எழுத்தும் பொடிசு, வெளிச்சமும் மங்கல். முதலில் ஹெட்லைட் சுவிட்சின் குமிழைத் திருகிப் பாருங்கள், பல வண்டிகளில் மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது அதுதான்.

அப்புறம், என்ஜின் நன்றாகச் சூடாகி சமதரையில் சீராக ஓடும்போது டெம்பரேச்சர் முள் எங்கே நிற்கிறது என்று கவனித்துக்கொண்டு, வண்டியை ஓரங்கட்டியதும் அதே இடத்தில் மீட்டர் கண்ணாடி மேல் பளிச்சென்ற டேப் துணுக்கு ஒன்றை ஒட்டிவிடுங்கள். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியேதான் ஒட்ட வேண்டும், பக்கத்திலிருந்து பார்த்தால் முள் தள்ளித் தெரியும். இனி எண்ணைப் படிக்கவே வேண்டாம், மலை ஏறும்போது முள் டேப்பைத் தாண்டுகிறதா என்று பார்த்தால் போதும்!

டிஜிட்டல் திரை கருப்படித்தால் போலரைஸ்டு (கண்கூச்சத்தைக் குறைக்கும்) கூலிங் கிளாஸைக் கழற்றிப் பாருங்கள், சில நேரம் கோளாறு அதில்தான்.