லோக்காப்பில் நம் ஆள்: முதல் நாளில் என்ன எழுதி வைக்க வேண்டும்

நம் மலேசியத் தோட்டத்து டவுனில், போலீஸ் ஆளைப் பிடித்த செய்தி பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும். "அண்ணே, தம்பிய புடிச்சிட்டுப் போயிட்டாங்க" என்று யாராவது மோட்டாரில் வந்து நிற்பார்கள். அம்மா அழுவார், மாமா தனக்குத் தெரிந்த ஒரு 'பெரிய ஆளுக்கு' போன் போட்டுக்கொண்டே இருப்பார், ஸ்டேஷன் வாசலில் இருபது பேர் கூடிவிடுவார்கள். எத்தனை மணிக்குப் பிடித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள், ஒருவருக்கும் தெரியாது.

அந்த மணிதான் முக்கியம். முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள்.

ஏன் நோட்டு என்று சொல்லிவிடுகிறேன். லோக்காப்புகளுக்கும் (போலீஸ் காவல் அறைகள்) சிறைகளுக்கும் போய்ப் பார்ப்பதையே வேலையாகச் செய்பவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். செஞ்சிலுவைச் சங்கம் இதைப் பல காலமாகச் செய்கிறது. 1977-இல் ஜான் ஜாக் கோத்தியே என்ற சுவிஸ்காரர் அதிலிருந்து ஒரு யோசனையைப் பிடித்தார்: அடி விழுந்த பிறகு புகார் எழுதுவதைவிட, எந்த நாளும் வெளியாள் வந்து கதவைத் திறக்கச் சொல்லலாம் என்ற நிலை இருந்தால் ஓங்கிய கை தயங்கும். அதுதான், சித்திரவதைக்கு எதிரான ஒப்பந்தத்துக்கு 2002-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட கூடுதல் நெறிமுறையாக வளர்ந்து 2006-இல் நடைமுறைக்கு வந்தது. 25 பேர் கொண்ட துணைக்குழு ஒன்று நாடு நாடாகப் போகிறது. 2017-இல் இலங்கை சேர்ந்தது. மலேசியா அதில் இல்லை, 1984-ஆம் ஆண்டின் தாய் ஒப்பந்தத்திலும் சேரவில்லை. சேர்ந்த நாடுகள் எல்லாம் ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவில் இரண்டு மாநிலங்கள் கதவைத் திறக்காததால் 2022-இல் அந்தக் குழு பயணத்தைப் பாதியில் நிறுத்தியது.

நம் நாட்டில் மனித உரிமை ஆணையமான சுஹாகாமுக்குத் தடுப்புக் காவல் இடங்களைப் போய்ப் பார்க்க 1999-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் உங்கள் தம்பி பிடிபட்ட அதே ராத்திரி அவர்கள் உங்கள் டவுனில் நிற்கப் போவதில்லை. நீங்கள்தான் நிற்பீர்கள். அதனால் அந்த வெளியாட்களின் பழக்கத்தைக் கொஞ்சம் கடன் வாங்குவோம்.

அவர்கள் முதலில் பதிவேட்டைத்தான் கேட்பார்கள், எப்போது வந்தார், எப்போது வெளியே கொண்டுபோனார்கள், எப்போது திரும்பினார் என்று. நமக்குப் பதிவேட்டைக் காட்ட மாட்டார்கள், சரி, நம் பதிவேட்டை நாமே எழுதுவோம்: பிடித்த நேரம், இடம், வண்டி எண், வந்தவர்களின் பெயர் அல்லது சட்டையில் இருந்த எண், அப்போது அவர் உடம்பில் காயம் இருந்ததா, கடைசியாக என்ன மருந்து சாப்பிட்டார். சாதாரண வழக்கில் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். மணி தெரியாதவர் இதை எப்படிக் கணக்குப் போடுவார்?

அப்புறம் ஸ்டேஷனுக்கு இருபது பேர் வேண்டாம், இரண்டு பேர் போதும். சத்தம் போடாமல் மூன்று கேள்வி: ஐ.ஓ. (விசாரணை அதிகாரி) யார், என்ன குற்றம், எந்த லோக்காப். மூன்றாவதை விடாதீர்கள், ஏனென்றால் பல நேரம் வேறு ஊர் லோக்காப்புக்கு மாற்றிவிடுவார்கள், குடும்பம் இங்கேயே சோற்றுப் பொட்டலத்தோடு காத்திருக்கும். இனிப்புநீர், ஆஸ்துமா, வலிப்பு எதாவது இருந்தால் கிளினிக் புத்தகத்தின் நகலையும் மருந்தையும் கொடுத்துவிட்டு, யாரிடம் எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்று நோட்டில் ஏற்றுங்கள்.

வக்கீல் செலவை நினைத்து ஒதுங்காதீர்கள். கைது, ரிமாண்ட் (மாஜிஸ்திரேட் உத்தரவோடு விசாரணைக்காகக் காவலில் வைப்பது) கட்டத்தில் குடிமக்களுக்கு தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வக்கீல்கள் இருக்கிறார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 28ஏ பிரிவுப்படி, விசாரிப்பதற்கு முன் உறவினருக்குச் சொல்லவும் வக்கீலோடு பேசவும் விட வேண்டும், போலீஸ் பார்க்கலாம் ஆனால் காதில் விழக் கூடாது. டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாத அதிகாரி சில காரணங்களுக்காக இதை மறுக்கவும் வழி இருக்கிறது. ஆனாலும் கேளுங்கள், கேட்ட நேரத்தையும் எழுதுங்கள். சோஸ்மாவில் (பாதுகாப்புக் குற்றங்களுக்கான தனிச் சட்டம்) பிடித்தால் கணக்கே வேறு, 28 நாள் வரை வைக்கலாம், அதற்கு உடனே வக்கீல்தான்.

உள்ளே இருப்பவனோடு பேசக் கிடைத்தால் எடுத்த எடுப்பில் "அடிச்சாங்களா?" என்று கேட்காதீர்கள். பக்கத்தில் ஆள் நிற்கும்போது எவனும் இல்லை என்றுதான் சொல்வான். லோக்காப்பைப் போய்ப் பார்க்கும் அந்த வெளியாட்கள் சின்ன விஷயத்தில் தொடங்குவார்கள்: எங்கே படுத்தாய், எத்தனை பேர் ஒரே அறையில், என்ன சாப்பிட்டாய், ராத்திரி எழுப்பினார்களா. அதே லோக்காப்பிலிருந்து வெளியே வந்த இன்னொருவரிடமும் இதையே தனியாகக் கேட்டு, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

காயம் தெரிந்தால் ரிமாண்டுக்குக் கொண்டுவரும் நேரத்தை விடக் கூடாது. வக்கீல் மாஜிஸ்திரேட்டிடம் காயத்தைக் காட்டி, மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவு கேட்கட்டும். 14 ஆண்டுக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றம் என்றால் ரிமாண்ட் முதலில் 4 நாள், நீட்டித்தால் 3 நாள்தான். 14 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை என்றால் 7, பிறகு இன்னொரு 7. காயத்தின் நிறம் இதற்குள் மாறிவிடும்.

இன்னொன்று, அவனிடம் கேட்காமல் எதையும் வாட்சாப்பில் போடாதீர்கள். நீங்கள் வெளியே பேசியதற்கு உள்ளே இருக்கிறவன்தான் பதில் சொல்ல வேண்டி வரும். ஐ.நா. நெறிமுறையிலேயே பழிவாங்கலுக்கு எதிராகத் தனி விதி வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். புகாரை சுஹாகாமுக்கும், 2023 ஜூலையிலிருந்து இயங்கும் சுயேச்சை போலீஸ் நடத்தை ஆணையத்துக்கும் எழுத்தில் அனுப்புங்கள், நோட்டின் நகலோடு.

வெளியே விட்ட நாளில் நேராக அரசாங்க மருத்துவமனை. வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுப் போகலாம் என்பார்கள், வேண்டாம். டாக்டரிடம் நடந்ததை அவனே அவன் வார்த்தையில் சொல்லட்டும். காயத்தைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ரூலரோ பத்து காசோ வையுங்கள், அளவு தெரியும். அப்புறம் அந்தச் சட்டை. நம் வீட்டு அம்மாக்கள் முதல் காரியமாக அதைத்தான் வாளியில் முக்குவார்கள். கையிலிருந்து வாங்கி, துவைக்காமல், காகிதப் பையில் போட்டு, தேதி எழுதி வையுங்கள்.