மீட்டர் நின்றுபோன வண்டிக்கு வீட்டிலேயே பராமரிப்பு: டெல்டாக்காரர்களுக்குத் தொடக்கப் பாடம்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் லட்சம் கிலோமீட்டர் தாண்டிய 100 சிசி வண்டிகள் தெருவுக்குத் தெரு நிற்கின்றன. பலவற்றில் மீட்டர் ஓடுவதே இல்லை. பிறகு கையேடு சொல்லும் கிலோமீட்டர் கணக்கை எதைப் பார்த்துப் பின்பற்றுவது? வயல் வேலையைப் பாருங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறை, சம்பா அறுவடை முடிந்ததும் ஒரு முறை வண்டியை முழுதாகச் சரிபார்த்தால் பாதிக் கவலை தீர்ந்துவிடும். நம் ஊரில் தூரத்தைவிடச் சேறும் வைக்கோல் தூசியும் உர உப்பும்தான் வண்டியை அதிகம் தின்கின்றன.

ரிங் ஸ்பேனர் செட், பின்சக்கர அச்சு நட்டுக்குப் பொருந்தும் பெரிய ஸ்பேனர், பிளக் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், பழைய பிரஷ், கொஞ்சம் டீசல், 90 கியர் ஆயில், கிழிந்த வேட்டித் துணி இருந்தால் போதும். எல்லா நட்டுக்கும் ஒரே திருகு ஸ்பேனரைப் போடாதீர்கள். நட்டின் முனை மழுங்கிவிட்டால் பட்டறைக்காரருக்கே வேர்த்துவிடும்.

செயின்

முதலில் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, கெட்டியான தரையில் நடு ஸ்டாண்டு போடுங்கள். எஞ்சின் ஓடும்போது செயின் பக்கம் கை போகவே கூடாது, விரல் போய்விடும்.

கீழ்ச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். இந்த வகை வண்டிகளில் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்குரிய சரியான அளவு கையேட்டில் இருக்கும். முழு மூடி போட்ட வண்டியில், மூடியிலுள்ள ரப்பர் அடைப்பைக் கழற்றிப் பார்க்கலாம். சக்கரத்தைச் சுற்றிப் பல இடங்களில் பாருங்கள். பழைய செயின் ஓரிடத்தில் தொங்கும், ஓரிடத்தில் இறுகும். இறுகும் இடத்தை வைத்துத்தான் அளவு பிடிக்க வேண்டும். தொங்கும் இடத்தை வைத்து முறுக்கினால் பேரிங்கும் ஸ்ப்ராக்கெட்டும் (செயின் ஓடும் பல்சக்கரம்) சீக்கிரமே போய்விடும்.

அச்சு நட்டைத் தளர்த்தி, அச்சின் இரு பக்க அட்ஜஸ்டர்களையும் (செயினை இழுத்து இறுக்கும் திருகுகள்) ஒரே அளவு, கால் சுற்று கால் சுற்றாகத் திருகுங்கள். இரண்டு பக்கமும் உள்ள அளவுக் கோடுகள் ஒரே இடத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் சக்கரம் கோணலாக ஓடும். அச்சு நட்டை நன்றாக முறுக்கியபின் ஆட்டத்தை மறுபடி பாருங்கள். சக்கரம் பின்னால் நகர்ந்ததால் பின் பிரேக்கும் இறுகியிருக்கும். அதையும் தளர்த்திச் சரிசெய்யாவிட்டால், பிரேக் உரசிக்கொண்டே ஓடிப் பெட்ரோலைக் குடிக்கும்.

பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்புறத்தில் செயினைப் பிடித்து இழுங்கள். பல் பாதிக்கு மேல் தெரிந்தால் செயினின் ஆயுள் முடிந்துவிட்டது. செயினை மட்டும் மாற்றுவது வீண் செலவு; இரண்டு ஸ்ப்ராக்கெட்டோடு செட்டாக மாற்றுங்கள். செயினின் இரு முனைகளை இணைக்கும் லாக்கின் (கிளிப்) மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும்.

செயினுக்கு கிரீஸ் அப்புவது நம் ஊர்ப் பழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கிரீஸ் உருளைகளுக்குள் இறங்காது. மேலே நின்று வாய்க்கால் கரை மணலைப் பிடித்து வைத்து அரைக்கும். டீசலில் துடைத்து, 90 ஆயிலைச் செயினின் உள்பக்கமாகச் சொட்டவிட்டு, இரவு முழுவதும் ஊறவிட்டு, காலையில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள்.

ஆயில்

எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டி மிதமாகச் சூடேற்றி, அணைத்து, தட்டு வைத்து அடி போல்ட்டைத் திறவுங்கள். வெளிவரும் ஆயிலின் நிறத்தைக் கவனியுங்கள். பால் கலந்த காபி நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது; வெள்ளம் ஓடிய சாலையைக் கடந்த வண்டிகளில் இது உண்டு. உலோகத் துகள் மின்னினால் மெக்கானிக்கிடம் போங்கள். புது வாஷர் போட்டு மூடுங்கள். டப்பாவில் ஜாசோ எம்ஏ (JASO MA) என்று குறித்திருக்கும், உங்கள் கையேடு சொல்லும் தரத்து பைக் ஆயிலையே ஊற்றுங்கள். இந்த வண்டிகளில் கிளட்சும் அதே ஆயிலில் ஊறுவதால், கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

எஞ்சின் பழசானால் ஆயிலை எரிக்கும், நீலப் புகை விடும். ஆகவே மாற்றுவதைவிட வாரம் ஒருமுறை அளவு பார்ப்பதுதான் முக்கியம். வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, அளவுக் குச்சியைத் துடைத்து, திருகாமல் உள்ளே வைத்துப் பாருங்கள் (பெரும்பாலான 100 சிசி வண்டிகளுக்கு இதுதான் முறை). மேல் கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள். கழிவு ஆயிலை வாய்க்காலில் கொட்டாமல் டப்பாவில் பிடித்துப் பட்டறையில் கொடுங்கள்.

மற்றவை

அறுவடைக் காலத்தில் ஏர் ஃபில்டரைத் திறந்தால் பதர் கொட்டும். ஸ்பாஞ்சு வகை என்றால் மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, எஞ்சின் ஆயிலில் நனைத்துப் பிழிந்து போடுங்கள். காகித வகையைக் கழுவக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். பிளக் முனை வெளிர் பழுப்பு என்றால் நல்லது. கரிக் கருப்பு என்றால் ஃபில்டரையும் கார்புரேட்டரையும் சந்தேகியுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம்.

டிரம் பிரேக்கில், சக்கரத்தின் பிரேக் தட்டுக்கு வெளியே அசையும் சிறு இரும்புக் கையில் ஒரு அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுதாக அழுத்தும்போது அது தட்டிலுள்ள குறியைத் தொட்டால் பிரேக் ஷூ மாற்றும் நேரம் வந்துவிட்டது. தண்ணீரில் இறங்கி ஏறியதும் மெதுவாக ஓட்டி, லேசாகப் பிரேக் பிடித்து உலர்த்திக்கொள்ளுங்கள்.

யூரியா, பொட்டாஷ் ஏற்றிய அன்றே கேரியரையும் பின் ஃபெண்டரையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வேதாரண்யம் பக்கத்துக் கடல்காற்றில் ஓடும் வண்டிக்கு இது வாராந்திர வேலை.

டேப்பெட் இடைவெளி, கிளட்ச் தட்டு, ஹேண்டில் கோன் செட் ஆகியவற்றைத் தொடக்கத்தில் பட்டறைக்கு விட்டுவிடுங்கள். செயின் வேலை முடித்து நான்கைந்து தெரு ஓட்டிவிட்டு வந்ததும், அச்சு நட்டில் ஸ்பேனரை ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுங்கள்.