விரல் வலிக்காத பேஸ் கிட்டார் கம்பிகள்: தேர்ந்தெடுப்பது எப்படி?

பேஸ் கிட்டார் வாங்கிக் கொஞ்ச நாள் ஆனதும் எல்லோரும் கேட்கும் கேள்வி இது: "விரல் எரிகிறது, வேறு எந்த ஸ்ட்ரிங் போடலாம்?" பெரும்பாலும் கிடைக்கும் பதில், "மெல்லிசா போடுங்க." அது பாதிதான் சரி. கம்பி விரலுக்கு இதமாக இருக்கிறதா என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: மேற்பரப்பின் சொரசொரப்பு, கம்பி இழுபட்டு நிற்கும் டென்ஷன், உள்ளே இருக்கும் கோர் கம்பி வளையும் விதம். இந்த மூன்றில் உங்களுக்குத் தொல்லை எது என்று தெரியாமல் செட் வாங்காதீர்கள். பேஸ் கம்பி மலிவான பொருள் இல்லை.

கீழே உள்ளதெல்லாம் 34 அங்குல ஸ்கேல் (நட்டிலிருந்து சாடில் வரை கம்பி அதிரும் நீளம்), நான்கு கம்பி, ஈ-ஏ-டி-ஜி ட்யூனிங் உள்ள பேஸுக்கு.

படி 1: முதலில் நட்டைச் சந்தேகப்படுங்கள்

நட் என்பது கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகள் உட்காரும் சிறு துண்டு. முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளில் முதலாவது) ஒரு கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போடுங்கள். இப்போது இரண்டாவது ஃப்ரெட்டை அழுத்திப் பாருங்கள். கேப்போ இல்லாமல் முதல் ஃப்ரெட்டை அழுத்தியதைவிட இது ரொம்ப லேசாக இருந்தால், குறை கம்பியில் இல்லை. நட்டில் வெட்டியிருக்கும் பள்ளம் போதவில்லை, கம்பி உயரமாக நிற்கிறது. எந்தக் கம்பி மாற்றினாலும் அது தீராது. கிட்டார் சரிசெய்பவரிடம் கொடுத்து நட்டை அரம் போட்டு இறக்கச் சொல்லுங்கள். விலை குறைந்த பேஸ்களில் இது அடிக்கடி காணும் குறை.

படி 2: வலி எங்கே?

விரலைக் கம்பி மேல் தேய்த்து நகர்த்தும்போது தோல் எரிந்தால் அது மேற்பரப்பு விஷயம். தோலுக்கு ஒன்றுமில்லை, ஆனால் அழுத்தி அழுத்தி முன்கை கடுக்கிறது என்றால் அது டென்ஷன். இரண்டும் சேர்ந்தும் வரும். ஆனால் எது அதிகம் என்று ஒரு பாட்டு முழுக்க வாசித்தாலே தெரிந்துவிடும்.

படி 3: கேஜ் – காசு செலவழிக்காமல் சோதிப்பது

நான் அதிகம் சுற்றியது இந்தப் படியில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கேஜ் என்பது கம்பியின் தடிமன். உறையில் 45-65-80-100 என்று இருந்தால் ஜி கம்பி 0.045 அங்குலம், ஈ கம்பி 0.100 அங்குலம் என்று பொருள். டி'அடாரியோவின் நிக்கல் ரவுண்ட்வவுண்ட் செட்களில் 50-70-85-105, 45-65-80-100, 40-60-75-95 எனப் பல கேஜ்கள் உண்டு. பெயரை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். எர்னி பால் 'ரெகுலர் ஸ்லிங்கி' பேஸ் செட் 50-105. 'ரெகுலர்' என்றதும் அதுதான் நடுத்தரம் என்று நினைத்து வாங்கினால் கையில் கிடைப்பது கனமான செட்.

ஒரே சுருதியில் வைத்தால், டென்ஷன் கிட்டத்தட்ட கம்பித் தடிமனின் வர்க்கத்துக்கு (தடிமன் × தடிமன்) ஏற்பக் கூடும். ஜி கம்பியை 45இலிருந்து 40க்கு மாற்றினால் டென்ஷன் சுமார் 20 சதவீதம் குறையும். ஈ கம்பியை 100இலிருந்து 95க்கு மாற்றினால் சுமார் 10 சதவீதம்தான். இன்னொரு பக்கம், இருக்கும் கம்பியை அரை ஸ்வரம் (ஒரு ஃப்ரெட் அளவு) இறக்கினால் 11 சதவீதமும், ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் 20 சதவீதத்துக்குச் சற்று அதிகமாகவும் டென்ஷன் குறைகிறது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், சோதனை தானாகவே வந்துவிடும். உங்களிடம் 45-100 செட் இருந்தால் ஜி, டி கம்பிகளை முழு ஸ்வரமும் ஏ, ஈ கம்பிகளை அரை ஸ்வரமும் இறக்குங்கள். சுருதி கலைந்துதான் இருக்கும், பரவாயில்லை, கை மட்டும் கவனிக்கட்டும். 40-95 செட் கிட்டத்தட்ட இந்த இறுக்கத்தில்தான் இருக்கும் (டி கம்பி மட்டும் இதைவிடச் சற்று இறுக்கம்). இது உங்களுக்குச் சுகமாக இருந்தால் மெல்லிய செட் வாங்குங்கள். கம்பி தொளதொளவென்று ஆடி ஃப்ரெட்டில் அடிக்கிறது, வேகமாக வாசிக்கும்போது விரலுக்குப் பிடிமானம் இல்லை என்றால் 45ஐ விட்டு இறங்க வேண்டாம்.

படி 4: உலோகமும் சுற்றும்

ரவுண்ட்வவுண்ட் என்றால் உருண்டைக் கம்பியைக் கோர் மேல் சுற்றியது. வரி வரியாக இருக்கும், ஒலி பளிச்சென்று வரும். 1960களில் ரோட்டோசவுண்ட் நிறுவனம் தி ஹூ ராக் குழுவின் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விசிலோடு சேர்ந்து செம்மைப்படுத்தியது இந்த வகையைத்தான். ஃப்ளாட்வவுண்டில் பட்டையான நாடா சுற்றியிருக்கும், எவர்சில்வர் கரண்டிக் காம்பு போல வழவழப்பு.

வழவழப்பாக இருப்பதால் ஃப்ளாட்வவுண்ட் மெத்தென்று இருக்கும் என்று எண்ண வேண்டாம். பல ஃப்ளாட் செட்கள் அதே தடிமன் ரவுண்டைவிட விறைப்பானவை. அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனப் பாடல்களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் போட்டிருந்தது லா பெல்லாவின் 52-110 ஃப்ளாட். அந்த ஒலி அற்புதம், ஆனால் புதிய கைக்கு அது கடும் உழைப்பு. வழவழப்பும் வேண்டும், இளக்கமும் வேண்டும் என்றால் தொமாஸ்டிக்-இன்ஃபெல்டின் ஜாஸ் ஃப்ளாட் செட் (43-56-70-100) இருக்கிறது. விலை கண்ணைக் கட்டும். ஆனால் ஃப்ளாட் கம்பி பல வருடம் உழைக்கும்.

ரவுண்டிலேயே இருப்பதானால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் தவிர்த்து நிக்கல் பூசிய ஸ்டீல் வாங்குங்கள். ஸ்டெயின்லெஸ் இன்னும் பளிச்சென்று ஒலிக்கும், துரு பிடிப்பதும் குறைவு. ஆனால் விரலுக்கும் ஃப்ரெட்டுக்கும் அது கடுமை. கை அதிகம் வியர்க்கிறது, கம்பி சீக்கிரம் கருத்துப்போகிறது என்பவர்கள் எலிக்ஸர் போன்ற மேல்பூச்சுள்ள கம்பியைப் பார்க்கலாம். என் விருப்பம் டிஆர் சன்பீம்: நிக்கல் பூச்சு, உள்ளே உருண்டைக் கோர். அறுகோணக் கோர் உள்ள கம்பியைவிட இது நன்றாக வளைந்து கொடுக்கும்.

படி 5: மாட்டுதல்

ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். பெக்கை (தலையில் கம்பியைச் சுற்றும் முளை) தாண்டிச் சுமார் 10 செ.மீ. விட்டு, முதலில் கம்பியைச் செங்குத்தாக மடக்குங்கள், அப்புறம் மடக்கிய இடத்துக்கு வெளியே கட்டிங் பிளையரால் வெட்டுங்கள். உருண்டைக் கோர் கம்பியை மடக்காமல் வெட்டினால் சுற்று அவிழ்ந்து ஒலி செத்துவிடும்.

படி 6: கழுத்தைச் சரிசெய்தல்

மெல்லிய செட் போட்டதும் முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் 'டர்ர்' என்று சத்தம் வந்தால் கம்பியைக் குறை சொல்லாதீர்கள். நான்கு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை 70 கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தன. அந்த இழுப்பு குறைந்ததும் ட்ரஸ் ராட் (கழுத்துக்குள் இருக்கும், வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி) கழுத்தைப் பின்னால் வளைத்துவிடுகிறது.

முதல் ஃப்ரெட்டில் கேப்போ, ஈ கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, எட்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே உள்ள இடைவெளி பாருங்கள். சுமார் 0.3 மி.மீ. இருக்க வேண்டும். இதை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் டூ வீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலேயே கிடைக்கும். இடைவெளி குறைவாக இருந்தால் ட்ரஸ் ராடைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கால் சுற்று தளர்த்தி, மறுபடி சுருதி சேர்த்து அளவெடுங்கள். ஒரே மூச்சில் திருகாதீர்கள். இறுகிப்போய் அசையாவிட்டால் நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அடுத்து 17ஆவது ஃப்ரெட்டில் கம்பி உயரம்: ஃபெண்டர் சொல்லும் அளவு ஈ பக்கம் சுமார் 2.4 மி.மீ., ஜி பக்கம் 2 மி.மீ. கடைசியாக 12ஆவது ஃப்ரெட்டில் ட்யூனர் வைத்து இன்டொனேஷன் (அழுத்தி வாசிக்கும்போதும் சுருதி சரியாக நிற்கிறதா என்று) பாருங்கள். அழுத்தி வாசிக்கும்போது சுருதி ஏறினால் சாடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) பின்னுக்குத் தள்ளுங்கள்.

பின்சேர்க்கை

30 அங்குல ஷார்ட் ஸ்கேல் பேஸில் 40-95 போட்டுவிட்டு "கம்பி ரப்பர் மாதிரி ஆடுகிறது" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அதே கம்பி, அதே சுருதி என்றாலும் 30 அங்குலத்தில் டென்ஷன் சுமார் 22 சதவீதம் குறைவு. 45-105 போட்டுப் பாருங்கள். உறையில் 'ஷார்ட் ஸ்கேல்' என்று இருக்க வேண்டும். லாங் ஸ்கேல் செட்டை அதில் மாட்டினால் தடித்த பகுதியே பெக்கில் சுற்றப்பட்டு ஈ கம்பி அறுந்துபோகலாம்.

ஃப்ளாட் கம்பிகளின் முனையில் பட்டுநூல் சுற்றியிருக்கும். அந்த நூல் சாடில் மேலோ நட் மேலோ உட்காரக் கூடாது. பேஸின் உடல் வழியாகக் கம்பி கோக்கும் மாடல் என்றால், வாங்கும் முன் கம்பியின் பந்து முனையிலிருந்து (உலோகக் குண்டு உள்ள முனை) நட் வரை டேப் வைத்து அளந்து, அந்தப் பிராண்டின் தளத்தில் கொடுத்திருக்கும் நீளத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.