வண்ணம் தீட்டிய வாட்டர்கலர் தாளில் புகைப்படம் பதித்தல்

லேசர் அச்சை வண்ணத் தாளில் கவிழ்த்து ஒட்டி, பின்புறத் தாளைத் தேய்த்து எடுத்து, படத்தை மட்டும் பதியவைக்கும் முறை இது. சாதாரண லேசர் பிரிண்டில் வெள்ளை டோனர் (அச்சுத்தூள்) கிடையாது. படத்தில் வெளுத்திருக்கும் இடமெல்லாம் வெறும் தாள்தான் என்பதால், பதித்து முடித்தபின் அங்கே நாம் அடியில் தீட்டிய வண்ணமே தெரியும். ஆகவே படத்தையும் வண்ணத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில், உயரமான தூண்கள்மேல் நீரைக் கொண்டுசெல்லும் மாத்தூர் தொட்டிப்பாலத்தின் தூண்களைக் கீழிருந்து அண்ணாந்து எடுத்த படம் இதற்கு மிகவும் ஏற்றது. தூண்கள் கருமையாகப் பதிந்து, வானம் முழுவதும் வண்ணத்துக்கு இடம் விடும். பத்மநாபபுரம் அரண்மனையின் இருண்ட மர உட்புறமோ, எவ்வளவு அழகாக இருந்தாலும், அடிவண்ணத்தை ஏறக்குறைய விழுங்கிவிடும்.

தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனத்தில், மேற்பரப்பு வழவழப்பாக இருப்பது நல்லது. சொரசொரப்பான தாளில் பள்ளங்களில் படம் பிடிக்காது. நீர் கலந்த அக்ரிலிக் வண்ணத்தை மெல்லியதாகப் பூசி நன்கு உலரவிட வேண்டும். வாட்டர்கலரைப் பயன்படுத்தினால் பின்னால் நனைக்கும்போது கரையக்கூடும் என்பதால், அதன்மேல் அக்ரிலிக் மீடியத்தை (நிறமி சேர்க்காத அக்ரிலிக் பூச்சு) ஒரு பூச்சு பூசிக்கொள்ள வேண்டும்.

படத்தை ஜெராக்ஸ் கடையில், பளபளப்பில்லாத சாதாரணத் தாளில், லேசர் பிரிண்டாக எடுக்க வேண்டும். இங்க்ஜெட் மை பொதுவாக நீரில் கலைந்துவிடும். இடவலமாகத் திருப்பி அச்சிடச் சொல்ல மறக்கக் கூடாது. மறந்தால், கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து எடுத்த படத்தில் விவேகானந்தர் பாறையும் வள்ளுவர் சிலையும் இடம் மாறி நிற்கும், பார்த்துப் பழகிய உள்ளூர்க் கண் அதை உடனே கண்டுபிடித்துவிடும்.

அச்சின் முகத்தில் அக்ரிலிக் ஜெல் மீடியத்தை (மீடியத்தின் கெட்டியான வகை) சீராகத் தடவி, வண்ணத் தாளின்மேல் கவிழ்த்து, பழைய ஏடிஎம் அட்டையால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். பிதுங்கும் ஜெல்லை உடனே துடைக்க வேண்டும். அது அச்சின் முதுகில் காய்ந்தால் அந்த இடத்தில் நீர் இறங்காது.

இது காய்வதற்குக் கோடையில் ஓர் இரவு போதும். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெறும் கன்னியாகுமரி மாவட்டத்தில், மழை நாள்களில் முழுதாக 24 மணி நேரமோ அதற்கு மேலோ காத்திருப்பதே உத்தமம். உள்ளே ஈரம் இருந்தால் தேய்க்கும்போது டோனரும் சேர்ந்து உரிந்து வரும்.

காய்ந்தபின் ஈரப் பஞ்சால் நனைத்து, தாள் ஊறிப் படம் உள்ளிருந்து தெரியத் தொடங்கியதும், விரல் நுனியின் சதைப்பகுதியால் வட்டமாகத் தேய்த்தால் தாள் திரிதிரியாகச் சுருண்டு வரும். நகம் படக் கூடாது. ஒரே தடவையில் எல்லாவற்றையும் எடுக்க முயல வேண்டாம். உலர்ந்ததும் மீண்டும் வெண்மை படரும், மறுபடி நனைத்துத் தேய்க்கலாம். எஞ்சும் மங்கலான நார், இறுதியாக மீடியத்தை மெல்லியதாகப் பூசும்போது பெரும்பாலும் மறைந்துவிடும். சிறு கிழிசல்களை மறைக்காமல் விடுவதே என் விருப்பம். வேண்டுமானால் வண்ணப் பென்சிலால் தொட்டுக்கொள்ளலாம்.

சட்டமிடும்போது, அக்ரிலிக் பரப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளாதபடி இரண்டுக்கும் நடுவே மவுண்ட் அட்டை வைக்கச் சொல்ல வேண்டும்.