எக்ஸாட்டிக் செல்லப்பிராணி: வீட்டுக்குக் கொண்டு வருவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள்

நான் வளர்த்த முதல் எக்ஸாட்டிக் பிராணி (நாய், பூனை போல வீட்டுக்குப் பழகாத இனம்), உள்ளங்கையில் பாதிகூட நிறையாத ஓர் ஆமைக்குஞ்சு. ரெட் இயர்டு ஸ்லைடர் என்பார்கள். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்கும். கண்ணாடித் தொட்டியை மூடிய ஜன்னலோரம் வைத்தேன். வெயில் நன்றாக விழுந்தது, அது போதும் என்று நினைத்தேன். சில மாதங்களில், விரலால் அழுத்தினால் அமுங்கும் அளவுக்கு அதன் ஓடு மெத்தென்று ஆகிவிட்டது. மருத்துவரிடம் போனபோதுதான் காரணம் தெரிந்தது. வெயிலில் இருக்கும் யுவிபி என்ற புற ஊதாக் கதிர்களைச் சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும். அந்தக் கதிர் படாவிட்டால் ஆமையின் உடம்பில் வைட்டமின் டி3 போதுமான அளவு உருவாகாது. டி3 இல்லாமல், சாப்பிடுகிற கால்சியம் எலும்பில் சேராது. ஆமை பிழைத்துக்கொண்டது. ஓட்டில் விழுந்த கோணல் மட்டும் கடைசிவரை மாறவில்லை.

நாயும் பூனையும் பல ஆயிரம் ஆண்டுகளாக மனிதரோடு வாழ்ந்து நம் வீட்டுக்குப் பழகியவை. பாம்பும் பல்லியும் ஆமையும் அப்படியல்ல. கூண்டில் பிறந்த கிளிக்குக்கூட உடம்பும் புத்தியும் காட்டுக் கிளியுடையதுதான். அதனால், விலங்கை வாங்கிவிட்டு மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்காதீர்கள். கீழே சொல்லும் வரிசையில் விலங்கு ஆறாவது படியில்தான் வருகிறது.

படி 1: எத்தனை வருடம், எவ்வளவு பெரிது?

கடையில் கண்ணில் படுவது பெரும்பாலும் குட்டிதான். அது வளர்ந்தால் எப்படி இருக்கும் என்று தேடிப் பாருங்கள். நாணயம் அளவில் வாங்கிய ஸ்லைடர் ஆமை 25 செ.மீ.க்கு மேல் வளரும், 30 வருடம்கூட இருக்கும். பச்சை இகுவானா என்ற பல்லி வாலோடு சேர்த்து ஒன்றரை மீட்டரைத் தாண்டும். பால் பைத்தான் பாம்பு 20 முதல் 30 வருடம் வாழும். பெரிய மக்காவ் கிளிகள் 50 வருடத்தையும் தாண்டலாம். சல்காட்டா ஆமை 40 கிலோவுக்கு மேல் எடை போடும், உங்கள் காலத்துக்குப் பிறகும் உயிரோடு இருக்கும். உங்களுக்குப் பின் அதை யார் பார்த்துக்கொள்வார் என்று ஒருவர் பெயரைச் சொல்ல முடியாவிட்டால், அந்த இனம் வேண்டாம். முதல் தடவை வளர்ப்பவருக்கு லெப்பர்ட் கெக்கோ பல்லியைச் சொல்வேன். கையளவுதான் வளரும். அதுவும் 15 வருடப் பொறுப்புதான்.

படி 2: சட்டமும் பிறப்பிடமும்

அழியும் நிலையில் உள்ள உயிர்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் 1973-இல் உருவாகி 1975-இல் நடைமுறைக்கு வந்தது. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியை மிகக் கடுமையான கட்டுப்பாடுள்ள பட்டியலுக்கு மாற்ற 2016-இல் முடிவானது. இது எல்லை தாண்டும் வியாபாரத்துக்கான விதி. வீட்டில் வளர்க்கலாமா, உரிமம் வேண்டுமா என்பதற்கு ஒவ்வொரு நாட்டுக்கும் தனிச் சட்டம் உண்டு. உங்கள் பகுதி வனவிலங்கு அதிகாரிகளிடமே கேளுங்கள், விற்பவர் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

கூண்டில் பிறந்ததா, காட்டில் பிடித்ததா என்றும் கேளுங்கள். கூண்டில் பிறந்த கிளிக்குக் குஞ்சாக இருக்கும்போதே இணைப்பில்லாத வளையத்தைக் காலில் மாட்டுவார்கள். வளர்ந்த பறவைக்கு அதை மாட்ட முடியாது. ஸ்லோ லோரிஸ் என்ற தேவாங்கு இனம் கிச்சுகிச்சு மூட்டினால் கையைத் தூக்குவதை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அது பயத்தில் செய்வது. முழங்கைப் பக்கம் இருக்கும் சுரப்பியின் நஞ்சை வாய்க்குக் கொண்டுபோகத்தான் அப்படித் தூக்குகிறது. விற்பதற்கு முன் பலவற்றின் பற்களை வெட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

படி 3: மருத்துவர்

எல்லாக் கால்நடை மருத்துவரும் ஊர்வன பார்ப்பதில்லை. நாய்க்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து ஆமையின் உயிரைப் பறிக்கும். ஆகவே உங்கள் இனத்தில் அனுபவம் உள்ளவரை முன்பே தேடிப் பேசிவைத்துக்கொள்ளுங்கள். எட்டும் தூரத்தில் யாரும் இல்லையென்றால் வேறு இனத்தைப் பாருங்கள்.

படி 4: கூண்டை ஓட்டிப் பார்ப்பது

தொடக்கக்காரர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான். ஊர்வனவற்றுக்குத் தானாக உடல் சூட்டை உண்டாக்க முடியாது. சூடான இடத்துக்கும் குளிர்ந்த இடத்துக்கும் மாறி மாறிப் போய்த்தான் சமன் செய்துகொள்ளும். அதனால் கூண்டு முழுக்க ஒரே சூடு இருந்தால் அது ஓர் அடுப்பு மாதிரிதான். பியர்டட் டிராகன் என்ற பல்லி என்றால் வெயில் காயும் இடத்தில் சுமார் 40 டிகிரி செல்சியஸும், எதிர் மூலையில் 25 டிகிரி அளவும் இருக்க வேண்டும். இரண்டு முனையிலும் மறைவிடம் வையுங்கள். ஒரே மறைவிடம் இருந்தால், பயத்தில் சூட்டை விட்டுக்கொடுத்து அங்கேயே கிடக்கும்.

சூடாக்கும் கருவி எதுவானாலும் சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம். சூடாகும் கல் வேண்டவே வேண்டாம்; வயிறு வெந்தாலும் சில ஊர்வன நகராமல் கிடக்கும். யுவிபி விளக்கின் மேல் வாங்கிய தேதியை எழுதி ஒட்டுங்கள். வெளிச்சம் அப்படியே இருக்கும், யுவிபி மட்டும் குறைந்துகொண்டே வரும். தயாரிப்பாளர் சொல்லும் கெடுவில், பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்துக்குள், மாற்றிவிட வேண்டும்.

எல்லாம் மாட்டியபின் இரண்டு வாரம் கூண்டைக் காலியாகவே ஓட்டுங்கள். காலை, மதியம், நடுராத்திரி என்று வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் குறித்துவையுங்கள். மின்சாரம் போனால் எவ்வளவு நேரத்தில் சூடு இறங்குகிறது என்றும் பாருங்கள். கிளி வளர்ப்பவர்கள் சமையலறையையும் கவனிக்க வேண்டும். நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிக் காய்ந்தால் எழும் ஆவி சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். நமக்கு வாசனைகூடத் தெரியாது.

படி 5: உணவு

பூச்சி தின்னும் பல்லிக்கு வெறும் பூச்சி போதாது. பூச்சிக்கு முதல்நாளே நல்ல கீரை, காய் கொடுத்து, மேலே கால்சியம் பொடி தூவித் தர வேண்டும். வெளியில் பிடித்த பூச்சி வேண்டாம். சில வகை மின்மினிகளில் ஒரே ஒரு பூச்சிகூடப் பியர்டட் டிராகனைக் கொல்லும். கிளிக்கு அவகாடோவும் சாக்லேட்டும் விஷம். பாம்புக்கு எலி தர வேண்டியிருக்கும். அதைப் பார்க்கவே முடியாது என்றால் பாம்பு உங்களுக்கானது அல்ல, அதில் தவறொன்றும் இல்லை.

படி 6: வீட்டுக்குக் கொண்டு வருவது

முதல் ஒரு வாரம் தண்ணீர், உணவு, சுத்தம் தவிர வேறெதற்கும் கூண்டுக்குள் கைவிடாதீர்கள். வீட்டில் ஏற்கெனவே வேறு பிராணி இருந்தால், புதியதைக் குறைந்தது ஒரு மாதம் தனி அறையில் வையுங்கள். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஆரோக்கியமான ஆமையிடம்கூட சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்பதற்கு 1975-இல் தடை போட்டது இதனால்தான். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் ஊர்வன வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

அப்புறம், கிராம் காட்டும் தராசு ஒன்று வாங்குங்கள். இந்த உயிர்கள் நோயை மறைத்துக்கொள்ளும். காட்டில் பலவீனம் தெரிந்தால் வேட்டையாடப்படும் என்பதால் வந்த பழக்கம். கண்ணுக்குத் தெரியும்போது நோய் முற்றியிருக்கும், எடை அதற்கு முன்பே இறங்கத் தொடங்கும். ஊர்வன என்றால் வாரம் ஒருமுறை, சின்னப் பறவை என்றால் தினமும் காலையில் எடை பார்த்து எழுதிவையுங்கள்.

படி 7: வளர்க்க முடியாமல் போனால்

குளத்திலோ காட்டிலோ விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து எவர்கிளேட்ஸ் சதுப்பில் செல்லப்பிராணி வியாபாரம் வழியாக வந்து சேர்ந்த பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அங்கிருந்த பாலூட்டிகளைப் பெருமளவு அழித்துவிட்டன. மீட்பு மையம் ஒன்றின் எண்ணை இப்போதே தேடி, மருத்துவர் எண்ணோடு சேர்த்துக் கூண்டின் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.