முடிவு எங்கே எடுக்கப்பட்டது? உலகமயமாதல் காலத்து மக்களாட்சியைத் தடம் பிடிக்கும் முறை

உலகமயமாதல் மக்களாட்சியைப் பலவீனப்படுத்துகிறதா என்று பொதுப்படையாகக் கேட்டால் பொதுப்படையான விடைதான் கிடைக்கும். ஒரேயொரு முடிவை எடுத்துக்கொண்டு, அது யாரால், எந்த நெருக்கடியில் உறுதியானது என்று தேடிப் பாருங்கள். பயிற்சிக்கு, கடன் நெருக்கடியில் சிக்கியிருந்த 2015ஆம் ஆண்டின் கிரேக்கம் ஏற்றது.

முதலில் மக்கள் சொன்னதைத் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். ஜனவரி 25 தேர்தலில், கடனுக்கு நிபந்தனையாக வந்த சிக்கன நடவடிக்கைகளை, அதாவது அரசுச் செலவுக் குறைப்பையும் வரி உயர்வையும், எதிர்த்த சிரிசா கட்சி வென்று அலெக்சிஸ் சிப்ராஸ் பிரதமரானார். கடன் கொடுத்தோரின் நிபந்தனைகளை ஏற்கலாமா என்று ஜூலை 5 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் 61 விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர். அதன் பக்கத்திலேயே நடந்ததை எழுதுங்கள்: ஜூலை 13 காலை, பிரசல்சில் விடிய விடிய நீண்ட உச்சி மாநாட்டின் முடிவில், அதே சிப்ராஸ் புதிய கடனுக்காகப் பல வகையில் இன்னும் கடுமையான நிபந்தனைகளுக்கு இசைந்தார். இடையில் எட்டே நாள்கள்.

இவ்விடத்தில் பலரும் உடனே ஒரு துரோகியைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். பணம் எவ்வழியாக வந்தது என்று முதலில் பாருங்கள். கிரேக்கத்தின் நாணயம் யூரோ. அதை வெளியிடும் ஐரோப்பிய மத்திய வங்கி, ஜூன் 28 அன்று கிரேக்க வங்கிகளுக்கான அவசரக் கடன் வரம்பை மேலும் உயர்த்த மறுத்தது. மறுநாள் வங்கிகள் திறக்கவில்லை. ஏடிஎம்மில் நாளொன்றுக்கு 60 யூரோதான் எடுக்கலாம்; 20 யூரோத் தாள்கள் தீர்ந்துபோன இயந்திரங்களில் 50 மட்டுமே வந்தது. வாக்குச்சாவடி வரிசையில் நின்றவர்கள் அந்த வாரம் முழுதும் இந்த வரிசையிலும் நின்றவர்கள்.

பிறகு மேசையின் மறுபக்கத்துக்கு வாருங்கள். நாட்டெல்லையைத் தாண்டிய மக்களாட்சி சிக்கலாவது இங்கேதான். யூரோ நாடுகளின் நிதியமைச்சர்கள் கூடும் யூரோகுழு, ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின்படியே முறைசாராக் கூட்டம். நெருக்கடியில் சிக்கும் உறுப்பு நாடுகளுக்குக் கடன் கொடுக்க அந்நாடுகள் கூட்டாக நிறுவிய மீட்பு நிதியத்தில் வாக்கின் எடை மூலதனப் பங்கைப் பொறுத்தது. ஜெர்மனியின் பங்கு ஏறத்தாழ 27 விழுக்காடு. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு அக்கடன் முடிவில் வாக்கே கிடையாது. ஆயினும் கடன் கொடுத்த நாடுகளின் அமைச்சர்களும் தத்தம் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களே. ஜூலை 17 அன்று ஜெர்மன் நாடாளுமன்றம் வாக்களித்த பிறகே அப்புதிய கடனுக்கான பேச்சுவார்த்தைக்கு ஜெர்மனியின் இசைவு கிடைத்தது. ஏதென்சின் வாக்கையும் பெர்லினின் வாக்கையும் ஒன்றாக எண்ணும் பெட்டி எங்கும் இல்லை என்பதே, என் பார்வையில், இக்கதையின் முடிச்சு.

கடைசியாக, வாக்காளருக்கு என்ன மிஞ்சியது என்று பாருங்கள். செப்டம்பர் 20 தேர்தலில் சிப்ராஸே மீண்டும் வென்றார் என்பதோடு நிறுத்திவிடாமல், வாக்களித்தோரின் அளவையும் ஒப்பிடுங்கள். வாக்களிப்பதை அரசமைப்பே கட்டாயமாக்கியிருக்கும் அந்நாட்டில், ஜனவரியில் 63 விழுக்காட்டுக்கு மேல் இருந்த அந்த அளவு செப்டம்பரில் 57க்கும் கீழே இறங்கியிருந்தது.